கராஜில் தூண்டில் தடிகளுக்கு ஒரு தாங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் போன்ற நகரங்களிலும் வீட்டோடு ஒட்டிய கராஜ் வைத்திருப்பவர்கள், தூண்டில் தடிகளுக்கு மரத்தால் ஒரு தாங்கியைத் தாமே செய்ய முற்படும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. மரக்கடைகளில் பலகைகள் இன்றும் அடிக் கணக்கிலேயே விற்கப்படுவதால் அளவுகள் அடியிலும் அங்குலத்திலும் உள்ளன.

தடிகளைக் கராஜ் மூலையில் சாத்தி வைத்தால் என்ன கெட்டுவிடும்?

முதலில் கெடுவது, தங்கூசி எனப்படும் தூண்டில் நூல் செல்லும் நுனி வளையம். சாத்தி வைத்த தடி மெல்லச் சறுக்கி விழும்போது அதுதான் முதலில் சுவரிலோ தரையிலோ படும். வளையங்களின் உட்புறத்தில் இருக்கும் பீங்கான் போன்ற கடினமான பொருள் ஒருமுறை கீறல் விட்டால், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் தங்கூசியை அது அரித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, தடியின் உடல். இன்றைய தடிகளில் பெரும்பாலானவை கார்பன் இழைகளால் ஆனவை. அந்த இழைகள் நீளவாக்கில் இழுவையையும் வளைவையும் அபாரமாகத் தாங்கும். பக்கவாட்டில் ஓர் இடத்தில் விழும் அடியையோ நசுக்கத்தையோ தாங்கா. பனி அள்ளும் சவள் சாய்ந்து தடியில் ஒரு சிறு வடு விழுந்தாலும், அன்றைக்கு எதுவும் ஆகாது. செப்டெம்பரில் கனராஸ்கா ஆற்றிலோ கிரெடிட் ஆற்றிலோ ஒரு பெரிய சால்மன் இழுக்கும்போது தடி சரியாக அந்த வடுவில் முறியும். பழி மீனின் மேலும் தடியைச் செய்தவர் மேலும் விழும். தடி முறியும் இடம் பெரும்பாலும் கராஜும் கார்க் கதவும்தான் என்று தூண்டில்காரர்கள் சொல்வதில் மிகை அதிகம் இல்லை.

நிமிர்த்தி வைப்பது நல்லதா, கிடத்தி வைப்பது நல்லதா?

தடியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அதன் எடை பிடியில் தங்க வேண்டும், நுனி எதன்மேலும் அழுந்தக் கூடாது, வளையம் எதிலும் கொளுவிக்கொள்ளக் கூடாது. இம்மூன்றும் நிறைவேறினால் எப்படி வைத்தாலும் தடி வளைந்து போகாது. ஆகவே இதைத் தீர்மானிப்பது கூரையின் உயரமே.

கணக்கு எளிது. அதிகம் பேர் வைத்திருப்பது ஆறரை அடி முதல் ஏழு அடி வரையிலான தடிகள். ஏழு அடி என்பது 84 அங்குலம். தாங்கியின் கீழ்க்கட்டை, அதாவது தடிகளின் அடிப்புறம் குழிகளில் நிற்கும் கட்டை, தரையிலிருந்து 18 அங்குலம் மேலே இருக்குமானால் நுனி ஏறக்குறைய 102 அங்குலத்தில் நிற்கும். ஒன்பது அடிக் கூரை 108 அங்குலம் என்பதால் தாராளமாக இடம் இருக்கும். எட்டடிக் கூரையானால் 96 அங்குலமே உள்ளது. அப்போது கீழ்க்கட்டையை எட்டு அங்குலத்துக்கு இறக்க வேண்டும், அல்லது தடிகளைச் சுவரோரமாகக் கிடத்த வேண்டும். தடியைக் குழியிலிருந்து தூக்கி எடுப்பதற்கு நுனிக்கு மேலே குறைந்தது மூன்று அங்குலமாவது விட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கும் வைப்பதற்கும் நிமிர்ந்த தாங்கியே வசதி என்பது எனது கருத்து. கீழே விவரிக்கப்படுவதும் அதுவே.

கராஜில் எந்தச் சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

காரை உள்ளே விட்டு, அதன் கதவுகள் அனைத்தையும் முழுவதுமாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். கதவு எட்டாத சுவரே தடிகளுக்குரிய சுவர். பெரும்பாலான வீடுகளில் அது காரின் முன்பக்கத்துக்கு நேர் எதிரே, வீட்டை ஒட்டியுள்ள பின்சுவராக இருக்கும், அல்லது பக்கச் சுவரில் காரின் முன்மூடிக்கு நேரான பகுதியாக இருக்கும்.

வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் ஒரு கவனம் தேவை. வாகனப் புகையும் பெட்ரோல் ஆவியும் வீட்டுக்குள் புகாதபடி அந்தச் சுவர் அடைக்கப்பட்டிருக்கும். ஸ்குரூ நிற்கும் துளையால் தீங்கில்லை. ஆனால் தவறான இடத்தில் துளைத்துவிட்டு வேறிடத்துக்கு மாறினால், பழைய துளையைப் பூச்சால் அடைத்துவிட வேண்டும்.

கராஜ் கதவின் தண்டவாளத்திலும் கதவுக்கு மேலே உள்ள சுருள்வில் தண்டிலும் எதையும் தொங்கவிடாதீர்கள். அந்த வில்லில் கதவின் முழு எடையையும் தூக்கும் இறுக்கம் தேங்கியிருக்கிறது. திறந்த கதவு கூரைக்குக் கீழே எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதையும் அளந்து கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது வெறுமையாகத் தெரியும் இடம் அது திறந்ததும் மறைந்துவிடும்.

இன்னொன்று ஒன்ராறியோவில் பழகிப்போன தொல்லை. குளிர்காலத்தில் கார் தன் அடியில் சுமந்து வரும் உப்புக் கலந்த சேற்றுப்பனி கராஜில் உருகி, தரையெல்லாம் உப்புநீராக நிற்கும். தடியின் அடிப்புறமும் தங்கூசி சுற்றும் ரீலும் அந்தத் தெறிப்புக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கீழ்க்கட்டைக்குப் பதினெட்டு அங்குலம் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

எட்டுத் தடிகளுக்கான தாங்கிக்கு, எட்டடி நீளமுள்ள டூ பை ஃபோர் ஒன்று, எட்டடி நீளமுள்ள வன் பை ஃபோர் ஒன்று, இரண்டரை அங்குல மர ஸ்குரூ ஒரு சிறு பெட்டி, ஒட்டக்கூடிய ஃபெல்ட் துணி, இரப்பர்க் கயிறு, அதை மாட்ட இரு கொக்கிகள் ஆகியவை போதும். பெயரில் இரண்டும் நாலும் இருந்தாலும் டூ பை ஃபோரின் உண்மையான அளவு ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். வன் பை ஃபோர் முக்கால் அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். கடையில் பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து நீளவாக்கில் பார்த்து, முறுக்கு இல்லாததை எடுத்து வாருங்கள். மலிவான பைன் மரமே தாராளமாகப் போதும். ரீலோடு சேர்த்து எட்டுத் தடிகளின் எடை நாலைந்து கிலோவைத் தாண்டுவது அரிது.

கருவிகளில் ட்ரில், வாள், ரசமட்டம், உப்புத்தாள் ஆகியவற்றோடு, தட்டையான அடியுடன் குழி எடுக்கும் ஒன்றரை அங்குல ஃபோர்ஸ்ட்னர் பிட் ஒன்றும் முக்கால் அங்குல பிட் ஒன்றும் கால் அங்குல பிட் ஒன்றும் தேவை.

சுவருக்குள் இருக்கும் ஸ்டட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரின் முகப்பாக உள்ள ட்ரைவோல் பலகைக்குப் பின்னால் நிற்கும் மரங்களே ஸ்டட்கள். அவை வழக்கமாக நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளியில் இருக்கும். சில கராஜ்களில் 24 அங்குலமாகவும் இருப்பதுண்டு. இதற்கென்று விற்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரும்பாலான கராஜ் சுவர்களுக்கு வர்ணம் பூசுவதில்லை. ட்ரைவோல் ஸ்குரூக்களின் தலைகளை மறைக்கப் பூசிய வெள்ளைத் திட்டுக்கள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் தெரியும். அந்த வரிசைதான் ஸ்டட். வர்ணம் பூசியிருந்தால் ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். ஸ்குரூத் தலையில் அது ஒட்டி நிற்கும்.

மின்கம்பி குறித்த அச்சம் நியாயமானதே. ஸ்டட்டின் ஊடாகச் செல்லும் கம்பி அதன் முகப்பிலிருந்து குறைந்தது ஒன்றேகால் அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. முக்கால் அங்குலப் பலகையையும் அரை அங்குல ட்ரைவோலையும் கடந்தபின், இரண்டரை அங்குல ஸ்குரூ ஸ்டட்டுக்குள் ஒன்றேகால் அங்குலமே இறங்கும். அதைவிட நீளமான ஸ்குரூ இந்தச் சுமைக்குத் தேவையும் இல்லை. மின்செருகிக்கும் ஆளிக்கும் நேர் மேலும் கீழுமாக உள்ள ஸ்டட்டைத் தவிர்த்துவிடுவது இன்னும் நல்லது.

தாங்கியைச் செய்யும் முறை என்ன?

மரத்தை வெட்டுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. அதைத் தவிர்ப்பவர்களே பின்னர் கட்டையைக் கழற்றி மாட்டுகிறார்கள். உங்களிடமுள்ள தடிகள் அனைத்தையும் தரையில் அடுக்கி, அடிப்புறங்கள் எல்லாம் சுவரைத் தொடும்படி வையுங்கள். அடியிலிருந்து மூன்றடிக்கும் மூன்றரை அடிக்கும் இடையில், எந்தத் தடியிலும் வளையம் வராத ஒரு பட்டி தென்படுகிறதா என்று பாருங்கள். தடிகளை மேலே சாயாமல் பிடிக்கும் மேற்கட்டை அந்த உயரத்திலேயே வர வேண்டும். ஓரிரு தடிகள் ஒத்துவராவிட்டால் அவற்றை ஓரத்தில் வைக்க எண்ணிக்கொண்டு, மற்றவற்றுக்குப் பொருந்தும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒவ்வொரு பிடியின் அடிப்புறத்தையும் அளந்து விடுங்கள். ஒன்றரை அங்குலத்தை விடத் தடித்த பிடி இருந்தால் அதற்கு மட்டும் ஒன்றேமுக்கால் அங்குலக் குழி எடுக்க வேண்டும்.

டூ பை ஃபோரையும் வன் பை ஃபோரையும் நடுவில் வெட்டினால் நான்கடித் துண்டுகள் இரண்டிரண்டு கிடைக்கும். வாளின் பல் தின்னும் மரத்தால் ஒவ்வொன்றும் மயிரிழை குறையும்; அதனால் பாதகம் இல்லை. டூ பை ஃபோர்த் துண்டுகள் இரண்டையும் அருகருகே படுக்கையாக வைத்து, இடது முனையிலிருந்து 3, 9, 15, 21, 27, 33, 39, 45 அங்குலங்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுங்கள். மேலும் கீழும் தனித்தனியே அளந்தால் தடிகள் சாய்ந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு துண்டிலும், சுவர்ப்பக்க விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நீளவாக்கில் ஒரு கோடு. இரு கோடுகளும் வெட்டும் இடமே ட்ரில் இறங்கும் இடம்.

கீழ்க்கட்டையில் ஒன்றரை அங்குல பிட்டால் ஓரங்குல ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஆழம் மாறாமல் இருக்க பிட்டின் மேல் ஓரங்குலத்தில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம். குழியின் நடுவில் பிட்டின் கூர் விட்டுச்செல்லும் புள்ளியில், கால் அங்குலத் துளை ஒன்றை மறுபக்கம் வரை இறக்குங்கள். இந்தச் சிறு துளையைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். மழையில் நனைந்த தடியிலிருந்து வடியும் நீர் குழியில் தேங்கினால், தக்கைப் பிடி பூசணம் பிடித்துக் கறுத்துப்போகும். தேங்கும் நீருக்கு வழி அந்தத் துளைதான்.

மேற்கட்டையில் அதே புள்ளிகளில் முக்கால் அங்குலத் துளையை முழுவதுமாக இறக்கி, முன் விளிம்பிலிருந்து துளையின் இரு பக்கங்களுக்கும் நேராக வாளால் அறுத்தால், முன்பக்கம் திறந்த வாய்கள் கிடைக்கும். உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி ஃபெல்ட் ஒட்டுங்கள். விளிம்பில் ஒரு சிம்பு கூட மிஞ்சக் கூடாது.

அடுத்து, வன் பை ஃபோர்த் துண்டு ஒவ்வொன்றையும் ஒரு கட்டைக்கு முதுகுப் பலகையாக்கி, பின்பக்கமிருந்து ஸ்குரூ இறக்கிக் கட்டையோடு இணைக்க வேண்டும். ஸ்குரூக்கள் குழிகளுக்கு நேரே வராமல் இரு குழிகளின் இடைவெளியில் வருவது அவசியம். இல்லாவிட்டால் கூர்முனை குழிக்குள் தலைநீட்டி, தடியின் பிடியைக் கிழிக்கும். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு ஸ்குரூவை இறக்கினால் மரம் பிளக்காது.

சுவரில் பொருத்தும்போது பலகையின் முனை ஸ்டட்டில் முடியும்படி வைக்காமல், 8, 24, 40 அங்குலங்களில் மூன்று ஸ்டட்கள் வரும்படி வைத்தால் பிடிமானம் சமமாக இருக்கும். ஸ்டட் ஒன்றுக்கு இரண்டு ஸ்குரூக்கள், கட்டைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக. மட்டத்தை ரசமட்டத்தால் பாருங்கள். தரையிலிருந்து அளந்து பார்க்காதீர்கள். நீர் வெளியே ஓடுவதற்காக கராஜ் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும், ஆகவே தரையை நம்பினால் தாங்கியும் சரியும். கடைசியாக, மேற்கட்டையின் முன்பக்கத்தில் இரு முனைகளிலும் கொக்கி திருகி இரப்பர்க் கயிற்றை மாட்டிவிட்டால், கராஜ் கதவின் அதிர்வுக்குத் தடிகள் வெளியே சரியாமல் நிற்கும்.

ஆறு அங்குல இடைவெளி ஏன்? நெருக்கினால் இன்னும் நாலு தடி வைக்கலாமே?

தடிக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடி பக்கவாட்டில் நீண்டு நிற்பதால், ஐந்து அங்குலத்துக்குக் கீழே போனால் ஒன்றின் கைப்பிடி அடுத்ததன் தங்கூசியில் கொளுவும். தடியின் மேலே பொருந்தும் பெய்ட்காஸ்டிங் ரீல்கள் மட்டுமே உள்ளவர்கள் நாலரை அங்குலம் வரை நெருக்கலாம். இடம் போதாவிட்டால் நெருக்குவதை விட இரண்டாவது தாங்கி செய்வதே மேல்.

மர வேலை தெரியாது. பிவிசி குழாயும், நீச்சல் குளத்தில் மிதக்க உதவும் நுரைக் குழலான நூடுலும் போதாதா?

போதும். இரண்டு அங்குல பிவிசி குழாயை எட்டு அங்குலத் துண்டுகளாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து, ஒரு பலகையில் வரிசையாகத் திருகினால் அடிப்புறம் தங்கும். அடி முழுவதும் திறந்திருக்கும் என்பதால், குழாயின் கீழ்முனைக்குக் குறுக்கே ஒரு ஸ்குரூ செலுத்தி நிறுத்தம் வைக்க வேண்டும். மூடி போட்டு அடைத்தால் நீர் தேங்கும். ரீல் குழாயின் வாயில் முட்டுமானால், முன்பக்கத்தில் ஒரு பிளவு வெட்டிவிடலாம். மேலே நூடுலை முதுகுப் பலகையில் திருகி, வேண்டிய இடங்களில் கத்தியால் கீறிவிட்டால் தடியைக் கவ்விக்கொள்ளும்.

நூடுலின் குறை அதன் ஆயுள். கராஜின் கோடைச் சூட்டிலும் குளிரிலும் அந்த நுரை ஓரிரு வருடங்களில் உதிரத் தொடங்கும். அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பதின்மூன்றடி மிதவைத் தடியையும் பனிக்கட்டித் தூண்டிலையும் எங்கே வைப்பது?

ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பிடிக்கப் பயன்படும் பதின்மூன்றடித் தடிகள் இரண்டு, மூன்று துண்டுகளாகப் பிரிபவை. ஒவ்வொரு முறையும் பிரித்துத் துடைத்து வைக்க வேண்டும். பொருத்திய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் இணைப்பு இறுகிப் பிரிக்க முடியாமல் போகும். துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் நிறுத்தலாம். இரப்பர் வளையத்தால் இறுகக் கட்டிவைத்தால் மெல்லிய துண்டு வில்லாக வளையும், அதனால் கட்டைத் தளர்வாக விடுங்கள்.

பிரியாத நீண்ட தடி என்றால் சுவரின் மேற்பகுதியில் கிடத்துவதே வழி. அதற்கு மூன்று இடத்தில் தாங்கல் வேண்டும்; நுனியிலிருந்து ஓரடியையாவது எதிலும் படாமல் விட வேண்டும்.

சிம்கோ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிக்கும் தடிகள் இரண்டடி, மூன்றடி மட்டுமே நீளமானவை. அவற்றுக்குத் தனித் தாங்கி வேண்டியதில்லை. மேற்கட்டைக்கும் கீழ்க்கட்டைக்கும் நடுவிலுள்ள சுவரில் வைக்க ஆசை வரும்; ஆனால் பெரிய தடிகளை எடுக்கும்போது இவை தட்டுப்படும், ஆகவே பக்கத்தில் வைப்பதே சரி.

பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் தடி கெட்டுப்போகாதா?

தடிக்குக் குளிரால் கேடு இல்லை. குளிரோடு சேர்ந்த ஈரமே கேடு. நனைந்த ரீலை அப்படியே மாட்டினால் உள்ளே நீர் உறைந்து, அடுத்த முறை சுற்றும்போது உரசும். குளிர்காலத்தில் பயன்படாத ரீல்களைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பவர்கள் உண்டு; விலை கூடிய ரீலென்றால் நானும் அதையே சொல்வேன்.

மீன் தேடும் கருவியின் மின்கலம் வேறு விடயம். அதைக் கராஜில் விடவே கூடாது. மின் இறங்கிய ஈய அமில மின்கலம் உறைந்து வெடிப்பு விடும். லிதியம் மின்கலத்தைப் பூச்சியத்துக்குக் கீழே மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும்.

நீண்ட குழாய்க்குள் தடியைப் போட்டு இரு பக்கமும் மூடிவைப்பவர்கள், குளிர்காலம் தொடங்குமுன் ஒரு மூடியைக் கழற்றிவிடட்டும். அடைபட்ட ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை.

தாங்கியில் ஏற்றுவதற்கு முன் தடியை எப்படித் தயார் செய்வது?

ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுங்கள். முள்ளைத் தடியிலேயே கொளுவி வைக்கும் பழக்கம் ஆற்றங்கரைக்குச் சரி, சிறுபிள்ளைகள் சைக்கிள் எடுக்க ஓடிவரும் கராஜுக்குச் சரியல்ல. பருவம் முடிந்து நாளாக வைப்பதானால் தங்கூசி ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிடிப்பைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வாஷர்கள் நசுங்கியே கிடக்கும்.

வருடத்துக்கு ஒரு தடவை வளையங்களைச் சோதிப்பது பயனுள்ளது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். கீறல் இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நிற்கும். டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் ஏப்ரல் நாலாவது சனிக்கிழமைக்கு முந்திய இரவில் இதைச் செய்தால் திருத்த நேரம் இருக்காது, பெப்ரவரியில் செய்யுங்கள்.

கொசு விரட்டியில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கையும் தடியின் பூச்சையும் கரைக்கக் கூடியது. அந்தப் போத்தலுக்குத் தாங்கியின் அருகே இடம் கொடுக்காதீர்கள்.

எலி வருமா?

இலையுதிர் காலத்தில் வரும். தடியை அல்ல, மணத்தைத் தேடி வரும். இரை மணக்கும் பிளாஸ்டிக் புழுக்கள், மீன் நாற்றம் அடிக்கும் துணி, பறவைக்கு வைத்திருக்கும் தானியம் ஆகியவற்றை இறுக மூடும் பெட்டிக்குள் வைத்தால், தக்கைப் பிடியைக் கொறிக்க அதற்குக் காரணம் இருக்காது.

வாடகை வீடு. சுவரில் துளைக்க அனுமதி இல்லை. என்ன செய்யலாம்?

அதே கட்டைகளைச் சுவருக்குப் பதிலாக இரண்டு நிமிர்ந்த டூ பை ஃபோர்களில் திருகி, அடியில் முக்கால் அங்குல ப்ளைவுட் துண்டு ஒன்றைப் பாதமாகக் கொடுக்கலாம். பாதம் முன்னும் பின்னுமாகப் பதினாறு அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். நிமிர் மரத்துக்கும் பாதத்துக்கும் இடையில் முக்கோணமாக வெட்டிய ப்ளைவுட்டை வைத்துத் திருகினால்தான் ஆட்டம் நிற்கும். தடிகளின் எடை மேற்பக்கம் இருப்பதால், ஈயக்குண்டுகளும் கருவிப்பெட்டியும் வைக்கும் தட்டைப் பாதத்தின் மேலேயே அமைத்தால் பாரம் கீழே இறங்கும். உப்புநீரில் நிற்கும் ப்ளைவுட் விரைவில் ஊறிப் பிரியும் என்பதால், பாதத்தின் நான்கு மூலைகளிலும் இரப்பர்த் துண்டுகளைத் திருகித் தரையிலிருந்து ஓரங்குலம் உயர்த்தி, வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். சில்லுகள் பொருத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சரிந்த தரையில் அது தானாகவே வாசலை நோக்கி உருளும், வேண்டாம்.